ஜடேஜாவுக்கு 18 கோடி: எங்க அண்ணன் போட்ட கணக்கு

டிஸ்கி: இது கிரிக்கெட் பதிவு. கிரிக்கெட் பிடிக்காதவங்க நடுவுல வர்ற தோல் கம்பெனி கதைக்காகவாவது கடைசி வரைக்கும் வாங்க. ரொம்ப நாள் கழிச்சு எழுதறேன், கொஞ்சம் நீளம்தான். பொறுத்தருள்க.

2024ல தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்துச்சு. அன்னைக்கு சாயங்காலம்தான் ஐபிஎல் அணிகள் யார் யாரைத் தக்க வெச்சுக்குறாங்கன்னு பட்டியல் வெளியாச்சு. குடியாத்தத்துல எங்க தெரு முழுக்க வெடிப்புகை. பெரியப்பா பையன் வீட்டுல உக்காந்து அண்ணி குடுத்த அதிரசத்தைக் கடிச்சுக்கிட்டே போனைப் பார்த்தேன். ருதுராஜ் கெய்க்வாட் 18 கோடி. சரி. பதிரனா 13 கோடி. சரி. சிவம் துபே 12 கோடி. சரி. தோனி 4 கோடி. (அது தனிக் கூத்து, அப்புறம் வரேன்.) ரவீந்திர ஜடேஜா... 18 கோடி.

அதிரசம் தொண்டையில நின்னுடுச்சு.

"இன்னாண்ணா இது! முப்பத்தஞ்சு வயசு முடியப் போற ஆளுக்கு 18 கோடியா?"ன்னேன்.

அண்ணன் சங்குசக்கரத்தைப் பத்த வெச்சுட்டுத் திரும்பி, "குடுக்கலாம்"னார். ஒரே வார்த்தை. அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை அடுத்த ஒரு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. அதைத்தான் இப்போ எழுதறேன்.

முதல்ல என் கட்சி. இந்த 18 கோடி முதலாளி பாக்கெட்டுல இருந்து போகுதேன்னு நமக்கு என்ன கவலை? அதில்லை விஷயம். 2025 சீசனுக்கான ஏலத்துல ஒவ்வொரு அணிக்கும் மொத்தமா 120 கோடிதான். தக்க வெச்சுக்குற வீரர்களுக்கான காசை அதுல கழிச்சுட்டு மிச்சத்தை வெச்சுத்தான் மத்த எல்லாரையும் வாங்கணும். கழிக்கிறதுக்கும் ஒரு வரிசை இருந்துச்சு. இந்திய அணிக்கோ வேற நாட்டு அணிக்கோ ஆடின வீரர்னா முதல் ஆளுக்கு 18, ரெண்டாவது ஆளுக்கு 14, மூணாவதுக்கு 11, நாலாவதுக்கு மறுபடி 18, அஞ்சாவதுக்கு 14. அஞ்சு வருஷமா சர்வதேச மேட்ச் ஆடாத இந்திய வீரர்னா 4 கோடி போதும். தோனி 4 கோடிக்கு வந்தது இப்படித்தான். (இந்தியாவுக்கு உலகக்கோப்பை வாங்கித் தந்தவர் 'அன்கேப்டு பிளேயர்'. கலி முத்திடுச்சுன்னு எங்க அண்ணி சொன்னாங்க.)

இப்ப சென்னையோட கணக்கைப் பாருங்க. ருதுராஜ் 18, பதிரனா 13, துபே 12. கூட்டினா 43. வரிசைப்படி முதல் மூணு பேருக்கு 18, 14, 11. கூட்டினா அதுவும் 43! அப்படின்னா ஜடேஜாதான் அந்த நாலாவது ஆள். அவருக்காகவே கச்சிதமா 18 கோடி. தோனியோட 4 கோடியும் சேர்த்து 65 கோடி கழிஞ்சு, ஏலத்துக்குப் போகும்போது கையில 55 கோடி. ஜடேஜாவை விட்டிருந்தா 73 கோடி. கூடவே இன்னொரு 'ரைட் டு மேட்ச்' கார்டும் மிச்சமாயிருக்கும். அதாவது, அவரை ஏலத்துல விட்டு, வெளிய என்ன விலை போறாருன்னு பார்த்துட்டு, வேணும்னா அதே விலைக்குக் கூப்பிட்டுக்கலாம். (ஏலத்துல கேட்டவங்க கடைசியா ஒரு தடவை விலையை ஏத்த முடியும், அந்த ரிஸ்க் உண்டு.) இவ்வளவு வழி இருக்கும்போது எதுக்கு முதல்லயே 18 கோடியைத் தூக்கிக் கொடுக்கணும்?

அதுவும் எந்த நேரத்துல? 2024 ஜூன்ல உலகக்கோப்பை ஜெயிச்ச மறுநாள், ஜூன் 30ஆம் தேதி, சர்வதேச டி20ல இருந்து அவரே ஓய்வு அறிவிச்சாச்சு. அந்த வருஷ ஐபிஎல்ல எடுத்த விக்கெட் வெறும் 8. டிசம்பர் வந்தா 36 வயசு. இதெல்லாம் தெரிஞ்சும் நாலே மாசத்துல டீமோட உச்ச சம்பளம்!

"முடிஞ்சதுக்குக் குடுக்கறாங்கண்ணா. வரப்போறதுக்குக் குடுக்கல"ன்னேன்.

முடிஞ்சது எதுன்னு உங்களுக்கே தெரியும். 2023 ஃபைனல். அகமதாபாத்ல மழை பெய்ஞ்சு, 15 ஓவர்ல 171னு இலக்கு மாறி, மணி நடு ராத்திரியைத் தாண்டி, தேதியே மே 30 ஆயிடுச்சு. மோகித் சர்மா கடைசி ஓவர். ரெண்டு பந்துல 10 ரன். ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தோனி ஜடேஜாவை அப்படியே தூக்கினார். எங்க தெருவுல அந்த நேரத்துல வெடிச்ச வெடிக்கு மூணு தெரு தள்ளி இருந்த நாயெல்லாம் ஊளை. அந்த ரெண்டு பந்துக்கு எவ்வளவு வேணா கொடுக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கான பில்லை 2025லயா கட்டறது?

இனி அண்ணன் கட்சி. அதுக்கு முன்னாடி அண்ணனைப் பத்தி ரெண்டு வரி சொல்லணும். இல்லைன்னா அவர் சொன்னது புரியாது.

அண்ணனுக்கு ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில வேலை. கம்பெனி பேர் வேண்டாம். காலையில டிபன் பாக்ஸோட கிளம்பினா ராத்திரி வருவார். கட்டிங் செக்‌ஷன். தோலை மெஷின்ல விரிச்சு, அது மேல டை வெச்சு (ஷூவோட ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு இரும்பு அச்சு இருக்கும், அதான் டை) அடிச்சு அடிச்சு துண்டு எடுக்கணும். கேட்கறதுக்கு அண்ணி பிஸ்கட் மாவு வெட்டற மாதிரிதான் இருக்கும். ஆனா தோல் மாவு இல்லை. ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு விதம். முதுகுப் பக்கம் கெட்டியா இருக்கும், வயித்துப் பக்கம் தொளதொளன்னு இழுக்கும். முள்ளுக் கீறல், உண்ணி கடிச்ச தழும்பு, சூடு போட்ட அடையாளம் எல்லாம் இருக்கும். ஷூவோட முன்பக்கத்துண்டை நல்ல இடத்துல எடுக்கணும், உள்ள மறையற துண்டை வயித்துப் பக்கம் ஒதுக்கணும். இழுவை எந்தப் பக்கம்னு பார்த்து டையைத் திருப்பணும்.

சதுர அடிக் கணக்குல காசு கொடுத்து வாங்கின தோல் அது. அதே தோல்ல புதுசா வந்தவன் எடுக்கறதைவிட நல்ல கட்டர் நாலு துண்டு கூட எடுப்பான். அந்த நாலு துண்டு எந்த நோட்டுலயும் அவன் பேர்ல ஏறாது. வேஸ்டேஜ் குறைஞ்சிருக்குன்னு மாசக் கடைசியில கம்பெனிக்கு மட்டும் தெரியும்.

"ஜடேஜா அந்த மாதிரிடா"ன்னார் அண்ணன். "நீ ரன்னைப் பாக்கற, விக்கெட்டைப் பாக்கற. அவன் பாயிண்ட்ல நிக்கறான்னு தெரிஞ்சு எவனும் ரெண்டாவது ரன் ஓடல பாரு, அது எந்த ஸ்கோர் கார்டுல கீது?"

பதில் சொல்ல முடியலை. 2021 ஏப்ரல் 25, வான்கடேல பெங்களூரு மேட்ச் ஞாபகம் வந்துச்சு. ஹர்ஷல் படேல் வீசின கடைசி ஓவர்ல 37 ரன், அதுல ஜடேஜா அடிச்ச சிக்ஸ் மட்டும் 5. மொத்தம் 28 பந்துல 62 நாட் அவுட். அப்புறம் 13 ரன் கொடுத்து 3 விக்கெட். அதோட விட்டாரா? நேரா ஸ்டம்பைப் பார்த்து அடிச்சு ஒரு ரன் அவுட். ஒரு ஆள் சம்பளத்துல மூணு ஆள் வேலை. 2024ல ஐபிஎல்ல 100 கேட்ச்சும் பிடிச்சு முடிச்சுட்டார். சென்னைக்காக அதிக விக்கெட் எடுத்தவங்க பட்டியல்ல பிராவோவையே தாண்டினவர் வேற.

ஆனா நானும் லேசுல விடற ஆளா? எங்க சித்தி பையன் அமெரிக்காவுல சின்சினாட்டியில இருக்கான். அவனை வாட்ஸ்அப்ல கூப்பிட்டு என் கட்சிக்கு ஆள் சேர்த்தேன். அவன் கிரிக்கெட்டை விட்டுட்டு இப்போ அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம். கால்ல உதைக்கிற ஃபுட்பால் இல்லைங்க, முட்டை மாதிரிப் பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடி முட்டி மோதிக்குவாங்களே, அது. அதுல 'ரிசீவர்'னு ஒருத்தர். குவார்ட்டர்பேக் தூக்கிப் போடற பந்தை ஓடிப்போய் வாங்கறதுதான் அவர் வேலை. அங்கேயும் அணிக்கு இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு வரம்பு உண்டு. அதனால அங்கேயும் வருஷா வருஷம் இதே சண்டைதான். 'இந்த ரிசீவருக்கு இவ்வளவு கொடுத்து ஒப்பந்தத்தை நீட்டிக்கணுமா?'

அவங்க ஊர் ஜமார் சேஸுக்கு 2025 மார்ச்ல நாலு வருஷத்துக்கு 161 மில்லியன் டாலர் கொடுத்து நீட்டிச்சாங்க. நம்ம காசுக்கு ஏறக்குறைய 1,400 கோடி! அதுல 112 மில்லியன் உத்தரவாதமான காசு. அதுக்கு முந்தின சீசன்ல அவர் 127 கேட்ச், 1,708 கெஜம், 17 டச்டவுன். மூணுலயும் லீக்லயே முதல். ஆனா டீம்? 9 வெற்றி 8 தோல்வி, பிளேஆஃபுக்கே போகலை. பந்தை வாங்கறவர் எவ்வளவு நல்லா வாங்கினாலும், மத்த பக்கம் ஓட்டையா இருந்தா என்ன பண்றது?

இன்னொரு கதையும் சொன்னான். கன்சாஸ் சிட்டி அணியில டைரீக் ஹில்னு மின்னல் வேக ரிசீவர். 2022 மார்ச்ல அவர் கேட்ட விலை கட்டுப்படியாகலைன்னு மயாமிக்குக் கொடுத்துட்டு, பதிலுக்கு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு அஞ்சு வாங்கிக்கிட்டாங்க. மயாமி அவருக்கு நாலு வருஷத்துக்கு 120 மில்லியன் கொடுத்துச்சு. அவரும் சும்மா இல்லை, ரெண்டு சீசன்லயும் 1,700 கெஜத்தைத் தாண்டினார். ஆனா கோப்பை? அந்த ரெண்டு சீசனும் விட்டுக்கொடுத்த கன்சாஸ் சிட்டிக்குத்தான்!

"பாத்தியாண்ணா! விட்டவன் ஜெயிச்சான்"ன்னேன்.

அண்ணன் பீடியை அணைச்சுட்டு, "அவங்க விட்டது வாங்கறவனைடா. போடறவனை விடல"ன்னார்.

கன்சாஸ் சிட்டியோட குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் அங்கேயேதான் இருந்தார். அண்ணனுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது. ஆனா பாயிண்டைப் பிடிச்சுட்டார். அவ்வ்வ்வ்...

சென்னையும் எல்லாரையும் வெச்சுக் கொண்டாடின டீம் இல்லை. 2021ல 633 ரன் அடிச்ச டூப்ளெசியை அடுத்த ஏலத்துல விட்டுட்டாங்க, பெங்களூரு 7 கோடிக்குத் தூக்கிடுச்சு. 'சின்னத் தல' சுரேஷ் ரெய்னா 2018ல 11 கோடிக்குத் தக்க வெச்ச ஆளு. 2022 ஏலத்துல அவர் பேரை வாசிச்சப்போ ஒருத்தர் கையும் தூக்கலை, சென்னை மேசையும் சேர்த்துத்தான். ஜடேஜா சம்பளம் மட்டும் 2018ல 7 கோடி, 2022ல 16 கோடி, 2025ல 18 கோடின்னு ஏறிக்கிட்டே போச்சு.

ஜடேஜாவோட வாழ்க்கையே ஒப்பந்தக் கதைதான். 2008ல 19 வயசுல ராஜஸ்தான் ராயல்ஸ். ஷேன் வார்னே 'ராக்ஸ்டார்'னு பேர் வெச்சார். வேற அணியோட நேரடியா பேரம் பேசினார்னு 2010 சீசன் முழுக்கத் தடை. 2011ல கொச்சி. அந்த டீம் ஒரே வருஷத்துல காணாமப் போச்சு. 2012ல சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் போட்டி போட்டு, ரெண்டு பேரும் உச்சவரம்பான 20 லட்சம் டாலர்ல வந்து முட்டிக்கிட்டு நிக்க, ரகசிய டை-பிரேக்கர்ல சென்னைக்கு வந்தார். சென்னைக்கு ரெண்டு வருஷம் தடை வந்தப்போ குஜராத் லயன்ஸ். மறுபடி சென்னை.

2022ல கேப்டன் ஆக்கினாங்க. 8 மேட்ச்ல 6 தோல்வி, ஏப்ரல் 30ஆம் தேதி பதவியைத் திருப்பி தோனிகிட்டயே கொடுத்தாச்சு. அடுத்த வருஷம் சேப்பாக்கத்துல நம்ம ஜனங்க பண்ணின வேலை இருக்கே! ஜடேஜா அவுட் ஆனா தோனி வருவார்னு, சொந்த டீம் ஆள் அவுட் ஆகறதுக்குக் கைதட்டின கூட்டம் நாம. அவரே மேட்ச் முடிஞ்சு பேசும்போது, நான் மேல இறங்கினா நான் எப்போ அவுட் ஆவேன்னு காத்திருப்பாங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். சிரிச்சார்தான். நான் டிவி முன்னாடி உக்காந்து தட்டின கைதட்டலும் அதுல சேர்த்தி. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் உண்டு.

சரி, 2025 வந்துச்சு. என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். 14 மேட்ச்ல 4 வெற்றி. ஐபிஎல் வரலாற்றுலயே முதல் தடவையா சென்னை கடைசி இடம். ஜடேஜா 301 ரன், 10 விக்கெட். 18 கோடியை 14 மேட்சுக்கு வகுத்தா ஒரு மேட்சுக்கு சுமார் 1 கோடியே 28 லட்சம். நான் இதைக் கால்குலேட்டர்ல போட்டு அண்ணனுக்கு அனுப்பினேன். (அல்பம்தான், ஒத்துக்கறேன்.)

ஆனா மே 3ஆம் தேதி பெங்களூருல நடந்த மேட்சை மட்டும் மறக்க முடியலை. 214 ரன் இலக்கு. பதினேழு வயசுப் பையன் ஆயுஷ் மாத்ரே 94 அடிச்சுட்டு அவுட். கடைசி ஓவர்ல 15 வேணும். அதே ஜடேஜா, அதே கடைசி ஓவர். 45 பந்துல 77 நாட் அவுட். ரெண்டே ரெண்டு ரன்ல தோல்வி. அகமதாபாத்ல ரெண்டு பந்துல 10 வந்தப்போ தெய்வம். பெங்களூருல 2 ரன் குறைஞ்சப்போ 'வயசாயிடுச்சு, பணம் வேஸ்ட்'. அப்படிச் சொன்னது வேற யாருமில்லை, அடியேன்தான்.

2025 நவம்பர் 15. சனிக்கிழமை. ஜடேஜாவும் சாம் கரணும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்குன்னு அறிவிப்பு வந்துச்சு. சாம்சனுக்கு 18 கோடி. ஜடேஜாவோட சம்பளம் 18ல இருந்து 14 கோடியாக் குறைஞ்சது. ஆரம்பிச்ச ஊருக்கே திரும்பப் போறார்.

நான் உடனே அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். ஜெயிச்ச சந்தோஷம் எனக்கு. "பாத்தியாண்ணா, ஒரே வருஷத்துல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அதுவும் 4 கோடி குறைச்சு!"

அண்ணன் திண்ணையில உக்காந்திருந்தார். சிரிச்சார். "எனக்கும் கொறைச்சுட்டாங்கடா"ன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அஞ்சு மாசமா வீட்டுல அண்ணியைத் தவிர யாருக்கும் சொல்லலையாம்.

2016ல ராணிப்பேட்டையில இன்னொரு கம்பெனி அண்ணனைக் கூப்பிட்டுச்சு. அப்போ இவங்க கம்பெனி பதறிப்போய்ச் சம்பளத்தை ஏத்தி, வீடு கட்டக் கடனும் கொடுத்து நிறுத்திக்கிச்சு. எங்க குடும்பத்துல அது பெரிய பெருமை. 2023ல கண்ணு மங்க ஆரம்பிச்சது. தோல்ல இருக்கற மெல்லிசுக் கீறல் தெரியலை. கட்டிங்ல இருந்து செக்கிங் டேபிளுக்கு மாத்தினாங்க, சம்பளத்துல கை வைக்கலை. 2025 ஜூன்ல கூப்பிட்டு, இந்தச் சம்பளத்துக்கு புதுப் பசங்க ரெண்டு பேர் வருவாங்க, குறைச்சுக்கறீங்களா இல்லை கணக்கு முடிச்சுக்கறீங்களான்னு கேட்டிருக்காங்க. குறைச்சுக்கிட்டார்.

அப்படின்னா போன தீபாவளிக்கு இவர் 'குடுக்கலாம்'னு சொன்னப்போ... என் 'முடிஞ்சதுக்குக் குடுக்கறாங்க' வசனத்தை யார் முன்னாடி பேசிக்கிட்டிருந்தேன்னு அப்பதான் உறைச்சது.

கொஞ்ச நேரம் கழிச்சு நான்தான் மெதுவா, "ஆனாலும் ஒரு கணக்கு இருக்குண்ணா. ஜடேஜாவைத் தக்க வெச்சதாலதான் சாம்சனை வாங்க முடிஞ்சது. ஏலத்துல விட்டிருந்தா மாத்திக்க கையில என்ன இருந்திருக்கும்? டிரேடுக்கு வீரரோட சம்மதமும் வேணும். அவரும் கையெழுத்துப் போட்டுத்தான் போறார்"ன்னேன்.

"கையெழுத்து நானும்தான்டா போட்டேன்"ன்னார்.

அப்புறம் அவரே சொன்னார். கோபமாச் சொல்லலை, வேலை விஷயம் பேசற மாதிரி சாதாரணமாத்தான் சொன்னார். "2016ல எனக்கு ஏத்தினது எனக்கு மட்டும் இல்ல. பக்கத்து மெஷின்ல நாலு பசங்க இருந்தானுங்க. நான் கத்துக் குடுத்தவனுங்க. அவனுங்களையும் வெளிய கூப்புட்டானுங்க. ஒருத்தனும் போவல. இங்க இருந்தா நம்மளையும் பாத்துக்குவாங்கன்னு நின்னானுங்க. இப்ப ஜூன்ல எனக்குக் கொறைச்சாங்க இல்ல? ஆகஸ்ட்ல ரெண்டு பேர் கெளம்பிட்டானுங்க. என்கிட்ட மிச்சம் புடிச்ச காசு எவ்ளோ, அவனுங்க போனதுல வேஸ்டேஜ் எவ்ளோ ஏறுச்சு, அந்தக் கணக்கை யார் போடறது?"

நான் ஒரு வருஷமா போட்ட கணக்குல இது இல்லவே இல்லை. 120ல 65 போச்சு, மேட்சுக்கு 1 கோடியே 28 லட்சம், 8 விக்கெட்டு, 36 வயசு... எல்லாம் கை கணக்கு. அந்தக் கை நாளைக்கு என்ன பண்ணும்கிற கணக்கு. அந்தக் கணக்குப்படி 18 கோடி அதிகம்தான், இன்னைக்கும் அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா ஒரு பழைய ஆளோட ஒப்பந்தத்தை நீட்டிக்கும்போது அந்தக் காசு அவருக்கு மட்டும் போகலை. பக்கத்து மெஷின்ல நிக்கறவன் பார்த்துக்கிட்டு இருக்கான். நாளைக்கு நம்ம கதி என்னன்னு அவனும் ஒரு கணக்குப் போடறான்.

அதனால என் தீர்ப்பை இப்படி மாத்திக்கிட்டேன். ஜடேஜா கைக்கு 18 கோடின்னா அதிகம். அவரோட கை, அதைப் பார்க்கிற மத்தவங்களோட நம்பிக்கை, ரெண்டுக்கும் சேர்த்து 18 கோடின்னா சரியான விலைதான். ஆனா அந்த ரெண்டாவது சரக்கு வருஷக்கணக்குல மெதுவாத்தான் பலன் தரும். அதுக்குக் காசைக் கொடுத்துட்டு ஒரே வருஷத்துல திருப்பி விட்டா, கொடுத்ததும் வீண், விட்டதும் வீண். ஒண்ணு 2024ல ஏலத்துல விட்டிருக்கணும், இல்லை கடைசி வரைக்கும் வெச்சிருக்கணும். சாம்சன் நல்ல பிளேயர், அவரை வாங்கினது சரியா தப்பாங்கறது வேற பதிவுக்கான விஷயம். நான் சொல்றது கொடுத்து, எடுத்த முறையைப் பத்தி மட்டும்தான்.

அண்ணன்கிட்ட இந்தத் தீர்ப்பைச் சொன்னேன். பாதி ஒத்துக்கிட்டார். "14 கோடி கூட இன்னும் கொஞ்சம் அதிகம்தான்டா"ன்னார்! எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. இத்தனை நாள் குடுக்கலாம்னு சண்டை போட்ட ஆளு! "இன்னாண்ணா, கட்சி மாறிட்ட?"ன்னேன்.

"கட்டிங்ல வெச்சா அதிகம். செக்கிங்ல வெச்சா கம்மி. அவனுங்க எங்க வெக்கறானுங்கன்னு பாப்போம்"னுட்டு, கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டுப் பேப்பரை எடுத்துக்கிட்டார்.

திங்கட்கிழமை காலையில வழக்கம்போல டிபன் பாக்ஸோட ஆம்பூர் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தார். வீட்டுக் கடன்ல இன்னும் பதினோரு மாசத் தவணை பாக்கி.

பி.கு.: அண்ணன் கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்லி அண்ணியும் நானும் நச்சரிச்சுக்கிட்டு இருக்கோம். லீவு போட்டா அந்த டேபிளுக்கு வேற ஆள் வந்துடுவான்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கார். இந்தப் பதிவைப் படிக்கற மக்களே, உங்க ஆபீஸ்ல, கடையில, பட்டறையில இதே மாதிரி ஒரு 18 கோடி கேஸ் கண்டிப்பா இருக்கும். கொடுத்தது சரியாப் போச்சா, தப்பாப் போச்சா? நேரம் இருந்தா சொல்லிட்டுப் போங்க. அண்ணனுக்குப் படிச்சுக் காட்டறேன்.